நத்தை இருந்த இடம்

பெருநாள் அன்று தொழுதுவிட்டு வந்ததும் எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிறோமே, தென்னூருக்கு மட்டும் ஏன் போவதில்லை என்று நீங்கள் மூன்று பேரும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். இப்போது நடந்ததைச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னூரில் இருப்பவர் என் சின்னத்தா. அதாவது என்னைப் பெற்ற அத்தாவின் கூடப்பிறந்த தம்பி. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது ஒரு பெண்ணோ சொத்தோ இல்லை. நம் வீட்டுக் கூடத்தில் தொங்கிய பூப்படம்தான்.

அந்தப் படம் நம் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். என் அத்தாவின் அத்தா பழைய சாமான் வியாபாரம் செய்தவர். பொன்மலைப் பக்கம் ஒரு ரயில்வே துரை ஊரைவிட்டுப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலிகளோடு இந்தப் படமும் வந்தது. நாற்காலிகளை விற்றார். படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஆள் உருவம் இல்லை, பூதான் இருக்கிறது, நம் வீட்டில் மாட்டலாம் என்று நினைத்திருப்பார். கேரம் போர்டு அளவு மரப்பலகை, அதன்மேல் எண்ணெய் வண்ணம். கறுப்புப் பின்னணியில் ஒரு கண்ணாடிச் சாடி, சாடி நிறைய பூ. கீழே ஒரு கல் திட்டு. ரோஜா தவிர மற்ற எதுவும் நம் ஊர்ப் பூ இல்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் மற்றது தெரியும். இலையில் ஒரு கம்பளிப்பூச்சி. மேலே ஒரு தும்பி. சாடிப் பக்கத்தில் ஓர் ஈ. கல் திட்டின் வலது மூலையில் ஒரு நத்தை. நானே அவற்றைப் பார்த்ததில்லை. சொல்லக் கேட்டதுதான். எனக்கு விவரம் தெரிவதற்குள் அத்தா அவற்றை வண்ணம் பூசி மூடிவிட்டார்.

ஏன் மூடினார் என்றால், ஒரு நோன்புக் காலத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் இரவுத் தொழுகைக்கு நம் வீட்டுக் கூடத்தில் கூட ஆரம்பித்தார்கள். உயிருள்ளவற்றின் உருவம் எதிரில் இருக்கும்போது தொழக்கூடாது என்று ஒரு பெரியம்மா சொன்னார். படத்தை இறக்கி வைக்கலாம் என்றால், பரணில் கரையான், உள்ளறையில் ஓதம். அத்தா போர்டு எழுதுகிறவர். கடைப் பெயர்ப் பலகை, லாரிக்குப் பின்னால் எழுத்து, எல்லாம் எனாமல் பெயிண்டில் எழுதுவார். கையில் பிரஷ் இருந்தது. பூச்சி இருந்த இடத்தையெல்லாம், பக்கத்து நிறத்துக்குத் தக்கபடி, இலைக்குப் பச்சை, கல்லுக்குச் சாம்பல் என்று பூசி மறைத்துவிட்டார். கூடத்தில் தொழுகை நடந்தது. படமும் இடத்தில் இருந்தது.

சின்னத்தா அப்போது குவைத்தில் இருந்தார். படம் இரண்டு பேருக்கும் பொது, மூத்தவன் வீட்டில் தொங்கட்டும் என்பது அவர்களுடைய அத்தா சொல்லிவிட்டுப் போன வார்த்தை. முதல் லீவில் சின்னத்தா வந்தார். பெட்டியைக்கூட இறக்கவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"என் நத்தை எங்கே?" என்றார்.

சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்தபோது அந்தப் படத்துக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்களாம். கண்ணைத் திறந்தால் நத்தை. அது கல்லின் ஓரம்வரை வந்து, கீழே விழாமல் நிற்கும். அது விழவில்லை, நானும் சாகவில்லை என்று குவைத்தில் கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லுவாராம்.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். குவைத்திலிருந்து வந்தவரைப் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் சின்னத்தா கத்தினார்: "போர்டு எழுதற பயலுக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்? எனாமலை எடுத்து அப்பி வச்சிருக்கே. இனி சுரண்டினா பலகைதான் வரும். நாசம் பண்ணிட்டேயே, மனுசனா நீ?"

அத்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமா. கெடுத்துட்டேன். போ," என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சின்னத்தா நம் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அத்தா மவுத்தானபோது பள்ளிவாசலுக்கு வந்தார், கபர்ஸ்தானுக்கு வந்தார், மண் தள்ளினார். அங்கிருந்தே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். என்னிடம் ஸலாம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. தம்பி சொன்னது, அண்ணன் ஒப்புக்கொண்டது, இரண்டும் சேர்ந்து சொந்தத்தில் அதுவே உண்மையாகிவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "படத்தை அழிச்சாரே, அவரு மகன்," என்று அறிமுகப்படுத்தியவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அத்தா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஈரத்துணி படக்கூடாது." காய்ந்த துணியால்தான் தட்ட வேண்டும். அதையே உங்கள் அம்மாவுக்குச் சொன்னேன். சின்னவன் தண்ணித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கூடத்தில் ஓடியதற்கு முதுகில் வாங்கினானே, அது அதற்குத்தான். பழைய படம், தண்ணி ஆகாது என்று மட்டும் நினைத்திருந்தேன்.

*

மூத்தவளே, நீதான் இதை ஆரம்பித்து வைத்தாய். உன் காலேஜில் பேச வந்த அந்த அம்மாவிடம் போனில் இருந்த போட்டோவைக் காட்டினாய். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். வெளிநாட்டிலும் டெல்லியிலும் மியூசியங்களில் பழைய படங்களைச் செப்பனிடும் வேலை பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்தவர். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டச்சுக்காரர்கள் வரைந்த படம் மாதிரி இருக்கிறது, நேரில் பார்த்தால்தான் யார் கை என்று சொல்ல முடியும் என்றாராம். நீ துள்ளிக்கொண்டு வந்தாய். எனக்குச் சின்னத்தா நினைவு வந்தது. பாதி படம் சின்னத்தாவுடையது. அவரைக் கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே எடுக்க எனக்கு உரிமை இல்லை.

தென்னூருக்குப் போனேன். சின்னத்தா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"அது செத்த படம். மய்யித்துக்கு எதுக்குடா டாக்டர்?"

"சும்மா பாக்கறேன்னுதான் சொல்றாங்க, சின்னத்தா."

"பாத்து?"

"யார் வரைஞ்சதுன்னு சொல்லுவாங்களாம்."

"யார் வரைஞ்சதுன்னு எவனுக்கு வேணும்? யார் அழிச்சதுன்னுதான் ஊருக்கே தெரியுமே."

பதில் சொன்னால் கோபமாகச் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. திரும்பினேன். கேட்டைத் தொடும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நானும் வரேன். ஆனா ஒண்ணு. கெட்டுப்போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அந்தம்மா வாயால சொல்லணும். உன் காதுல விழணும். அதுக்குத்தான் வரேன்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ஒருவேளை நிஜமாவே கெட்டுப்போயிருந்தா?" என்று கேட்டாள். அந்த யோசனை எனக்கும் இருந்தது. அத்தா போர்டு எழுதியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனாமல் காய்ந்தால் கல். நம் கடையில் இப்போது எல்லாம் ஸ்டிக்கர்தான், நம்பர் பிளேட்டு எழுத்துகளை மெஷின் வெட்டுகிறது. ஆனாலும் அத்தாவின் டப்பாக்கள் பரணில் இருக்கின்றன. மூடியைத் திறக்க முடியாமல் இறுகிப் போயிருக்கின்றன. போகாமல் இருந்தால், கெட்டதா இல்லையா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. போய்விட்டால் தெரிந்துவிடும்.

*

போன அன்று வெயில். படத்தை இரண்டு போர்வையில் சுற்றினேன். பிளாஸ்டிக் வேண்டுமா என்று உங்கள் அம்மா கேட்டாள். வானத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். ஆட்டோவில் தென்னூர் போய்ச் சின்னத்தாவை ஏற்றிக்கொண்டேன். வெள்ளை ஜிப்பா, தோளில் சால்வை, பெருநாளுக்குப் போகிற மாதிரி வந்தார். படம் எங்கள் இரண்டு பேர் முழங்காலுக்கும் நடுவில் நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறினோம். அப்போதுதான் மேற்கே பார்த்தேன். ஜீயபுரம் பக்கம் வானம் கறுத்து, ஆற்றின் மேலேயே மழை நடந்து வந்துகொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது, பின்னால் லாரி. எங்கும் ஒதுங்க முடியாது. ஆட்டோவின் ஒரு பக்கம்தான் படுதா இருந்தது. சாரல் மற்ற பக்கத்திலிருந்து அடித்தது.

"அண்ணே, கொஞ்சம் நகத்துங்கண்ணே!" என்றேன் டிரைவரிடம்.

"எங்க நகத்தறது பாய், ஆத்துக்குள்ளயா?"

நான் குனிந்து படத்தைக் கட்டிக்கொண்டேன். முதுகு நனைந்தது. ஈரத்துணி படக்கூடாது, ஈரத்துணி படக்கூடாது என்று அத்தா குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது என் கைக்கு மேல் ஒரு துணி விழுந்தது. சின்னத்தாவின் சால்வை. அவர் அதை இரண்டு கையாலும் போர்வையைச் சுற்றி இறுக்கினார். செத்த படம் என்று சொன்னவர்தான்.

மாம்பழச்சாலை திரும்பும்போது மழை விட்டது. பார்த்தால், போர்வையின் கீழ் மூலையில் ஒரு கறை. சாம்பலும் கறுப்புமாக இறங்கி, சின்னத்தாவின் வெள்ளைச் சால்வையில் ஒரு விரல் நீளத்துக்கு ஊறியிருந்தது.

சின்னத்தா அதைத் தொட்டார். விரலைப் பார்த்தார். "படம் கரையுது," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "உங்கத்தா பாதியக் கெடுத்தான். மீதிய நீ கெடுத்துட்டே."

பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொன்னவன் நான்தானே.

*

அந்த அம்மா வீடு சித்திரை வீதியில். மாடியில் ஓர் அறை, நீள மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி. கீழே அவருடைய வயதான அப்பா, "தீர்த்தம் சாப்பிடறேளா?" என்று செம்பை நீட்டினார். அந்த நேரத்தில் தண்ணியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மாடிக்கு ஏறினோம்.

அந்த அம்மா கறையைத்தான் முதலில் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சுற்றியிருந்ததைப் பிரித்துப் படத்தை மேஜையில் படுக்க வைத்தார். வலது கீழ் மூலையில் சாம்பல் நிறம் கலங்கி வழிந்திருந்தது.

"பாய், நீங்க உக்காருங்கோ. உடனே ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார்.

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? கண்ணுக்குத் தெரியுதே," என்றார் சின்னத்தா. உட்காரவில்லை.

அந்த அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு ஊதா வெளிச்ச டார்ச்சை அடித்தார். படம் முழுவதும் பாசி பிடித்த குளம் மாதிரி மங்கலான பச்சையில் மின்னியது. அது பழைய வார்னிஷ் என்றார். அந்தப் பச்சைக்கு நடுவில் நாலு இடம் மட்டும் மின்னாமல் இருட்டாக, ஓட்டை மாதிரி தெரிந்தது. அத்தா பூசிய இடங்கள். அவர் கையை அப்படி இருட்டில் பார்த்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஜன்னலைத் திறந்துவிட்டுப் பலகையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓரங்கள் சீவப்பட்டிருந்ததைத் தடவினார். கம்ப்யூட்டரில் வேறு சில படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் இதே மாதிரிச் சாடி, இதே கல் திட்டு, திட்டில் இதே மாதிரி ஒரு விரிசல்.

"இது எல்லாம் ஒரே ஆசானோட படங்கள். ரொம்பப் பெரிய கை. உங்க படமும் அவரோடதா, இல்லை அவரைப் பாத்து வேற யாராவது போட்டதான்னுதான் கேள்வி. பூவை வச்சுச் சொல்ல முடியாது. பூவை எல்லாரும் அவரை மாதிரியே போட்டிருக்கா. பூச்சிகளை வச்சுச் சொல்லலாம். அவர் ஒவ்வொண்ணையும் உயிரோட வச்சுப் பாத்துப் போடறவர்."

"பூச்சிதான் இல்லையே," என்றார் சின்னத்தா.

"கீழே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மழைத் தண்ணியில கலர் கரைஞ்சிருக்கு. அதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு பாய். ஒண்ணு, மேலே பூசினது மட்டும் கரையறது. இல்லைன்னா, அடியில இருக்கறதும் சேர்ந்து கரையறது. அச்சடிச்ச காகிதத்தைப் பலகையில ஒட்டி, வண்ணம் குடுத்து, பழசுன்னு வித்தவாளும் உண்டு. அப்படி இருந்தா நான் தொட்டா எல்லாமே போயிடும். தொடட்டுமா?"

எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பாதி எனக்கு, பாதி அவருக்கு. நான் சின்னத்தாவைப் பார்த்தேன்.

"தொடுங்கம்மா," என்றார். "அதுக்குத்தான் வந்தது."

அந்த அம்மா மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றித் தண்ணீரில் தொட்டுப் பிழிந்தார். முதலில் அத்தா கை படாத இடம், ஒரு இலையின் ஓரம். உருட்டி எடுத்தார். பஞ்சில் அழுக்கு மஞ்சள் மட்டும்தான் வந்தது. பச்சை வரவில்லை. ஒரு ரோஜா இதழ். அதிலும் சிவப்பு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அசல் கரையலை," என்றார். "இப்போ மேலே பூசினது. எந்த இடத்துல பாக்கட்டும்?"

சின்னத்தா விரலை நீட்டினார். கல் திட்டின் வலது மூலை. மழை நனைத்த அதே இடம்.

புதுப் பஞ்சு. அந்த அம்மா அதைத் தேய்க்கவில்லை, சும்மா உருட்டினார். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. இன்னொன்று. இன்னொன்று. நாலாவது பஞ்சுக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. விரிசலாக இருக்கும் என்று நினைத்தேன். கோடு வளைந்தது. வளைந்து உள்ளே போய், இன்னும் உள்ளே போயிற்று. வெற்றிலைச் சுருள் மாதிரி ஓடு. அதற்கு முன்னால் ஈரம் மின்னும் கழுத்து. கடைசியாக இரண்டு கொம்பு, ஒன்று நீண்டு, ஒன்று பாதி உள்ளே இழுத்து. கல்லின் விளிம்பில் விழாமல் நின்றிருந்தது.

சின்னத்தா நாற்காலியைத் தேடினார். நான் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எனாமல் எப்படிம்மா தண்ணியில போகுது?" என்று கேட்டார்.

"இது எனாமலே இல்லை பாய். கலர்ப் பொடியைக் கோந்துல கரைச்சுப் போட்டிருக்கு. அதுவும் வார்னிஷுக்கு மேலே. கண்ணாடி மேலே எழுதின மாதிரி. போட்டவர் என்ன தொழில்?"

"போர்டு எழுதறவங்க," என்றேன். "துணி பேனருக்கு அத்தா இப்படித்தான் கலக்குவாங்க. மழை பெஞ்சா பேனர் கரைஞ்சிடும். பலகைக்கு எனாமல்."

"அப்போ வீட்டுல எனாமலும் இருந்திருக்குமே?"

"டப்பா டப்பாவா இருந்துச்சு. இன்னும் இருக்கு."

அவர் பஞ்சைத் தட்டில் வைத்தார். "பலகைன்னு தெரிஞ்சும் பலகைக்கான பெயிண்டை எடுக்கலை. என்னைக்காவது யாராவது எடுக்கணும்னா எடுக்க வரணும்னு நெனச்சுண்டு போட்டிருக்கார். நாங்களும் இப்படித்தான் செய்வோம். இதுல கெட்டது ஒண்ணும் இல்லை பாய்."

சின்னத்தா எதைக் கேட்க வந்தாரோ அதற்கு நேர் எதிரான வார்த்தை அது. அது என் காதிலும் விழுந்தது. ஈரத்துணி படக்கூடாது என்று அத்தா ஏன் ஆயுசு முழுக்கக் கத்தினார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்துக்குத் தண்ணி ஆகாது என்பதால் இல்லை. மூடின பூச்சு கரைந்துவிடும் என்பதால்.

"கெடுத்துட்டேன்னு அவன் வாயாலதானே சொன்னான்," என்றார் சின்னத்தா. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. "கரைச்சா போயிடும்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் கேட்ட விதத்துக்கு அத்தா வேறு என்ன சொல்லியிருப்பார், சின்னத்தா, என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. சின்னத்தாவின் கைகளைப் பார்த்தேன். கறை படிந்த சால்வையை மடியில் வைத்து, மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அந்த அம்மா கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நத்தையையே வெகுநேரம் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த படங்களையும் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லணும். ஏமாற்றமா இருக்கும். இந்த நத்தையோட சுழி எந்தப் பக்கம் போறது பாருங்கோ. இடப்பக்கம். நிஜ நத்தை கிட்டத்தட்ட எல்லாமே வலப்பக்கம்தான் சுத்தும். ஆசான் போட்டதுல எல்லாம் வலப்பக்கம். இதைப் போட்டவர் நத்தையைப் பாத்துப் போடலை. அச்சுல வந்த சித்திரத்தைப் பாத்துப் போட்டிருக்கார். அச்சுல எல்லாம் இடம் வலமா மாறிடும். அது தெரியாம அப்படியே போட்டுட்டார். அதனால இது ஆசான் கை இல்லை. அவர் காலத்துக்கு ஒட்டி, அவரைப் பாத்துப் பழகின ஒருத்தர் கை. டச்சு தேசம்தான், பழசுதான். ஆனா பேர் தெரியாதவர்."

பெரிய ஆசான் கையாக இருக்கும் என்று உனக்கு ஆசை இருந்தது, மூத்தவளே. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள். சின்னத்தாவைப் பார்த்தேன். அவர் எழுந்து மேஜைக்கு வந்து, குனிந்து, மூக்கு தொடுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எப்படிச் சுத்தினா என்னம்மா? என் நத்தை இதுதான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "மத்த பூச்சிகளையும் திறந்துடட்டுமா? தும்பியைப் பாத்தா இன்னும் உறுதியா சொல்லுவேன்."

"வேணாம்மா. அது தொழற கூடம். அவன் மூடினது அப்படியே இருக்கட்டும்."

"நத்தை?"

சின்னத்தா யோசித்தார். "இதையும் மூடணும்தான்," என்றார். "மூடத் தெரிஞ்சவன் இல்லையே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே வீதியில் மழைத் தண்ணீர் கோலத்தைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

அந்த அம்மா படத்துக்கான குறிப்பை எழுத உட்கார்ந்தார். பலகை, அளவு, எந்த நாட்டு வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். வரைந்தவர்: பெயர் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"இதுல இன்னொருத்தர் கையும் இருக்கு. அதையும் எழுதணும். மேலே பூசினவர் பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் சின்னத்தா சொல்லிவிட்டார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. உங்கத்தா என்பார், அவன் என்பார். இப்போது முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மா எழுதி முடித்ததும் சின்னத்தா எட்டிப் பார்த்தார்.

"இனிஷியலையும் போடுங்கம்மா," என்றார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல்தான்."